குப்பை வரியில் ஒரு வேலி

படிவம் நிரப்புவதில் என்னை மிஞ்ச ஸ்கார்பரோவில் ஆளில்லை என்று எனக்கு ஒரு தலைக்கனம் இருந்தது. நானாக ஏற்றிக்கொண்டது பாதி, சனம் ஏற்றிவிட்டது பாதி. கனடாவுக்கு வந்த புதிதில் ஒரு வழக்கறிஞரின் கந்தோரில் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். அகதிக் கோரிக்கை வைத்தவர்கள் தமிழில் சொல்வதை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பேன். 'கேஸ் எழுதுறது' என்று நம் ஆட்கள் சொல்லும் வேலை. அங்கே இரண்டு விஷயம் கற்றேன். ஒரு பெட்டியையும் வெறுமையாக விடக்கூடாது. காயத்தை முதல் பந்தியிலேயே வைக்க வேண்டும். பொய் எழுதியதில்லை. உண்மையை எந்த வரிசையில் வைப்பது என்பதுதான் என் கெட்டித்தனம்.

மூன்றாவதாகவும் ஒன்றைக் கற்றேன், கற்றது எனக்கே தெரியவில்லை. படிவத்தில் எழுதுவது கந்தோருக்கு, வீட்டில் நடப்பது வீட்டுக்கு. நாள் முழுக்கப் பிறருடைய சிறையையும் அடியையும் எழுதிவிட்டு, ஐந்து மணிக்குப் பேனையை மூடி, பஸ்சில் ஏறி, இண்டைக்குச் சமையல் மீனா கத்தரிக்காயா என்று யோசிக்க வேண்டுமென்றால் அப்படித்தான் பழக வேண்டும். பழகிவிட்டேன்.

வோபர்னில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடிக்குப் பின்னால், வாகனத் தரிப்பிடத்தைத் தாண்டி, கட்டட நிர்வாகம் கவனிக்காமல் விட்ட ஒரு நிலத்துண்டு இருக்கிறது. ஏழெட்டு வருடத்துக்கு முன் நாலாம் மாடி அண்ணை அதைக் கொத்தத் தொடங்கினார். கார்ப் பாகத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்ற மனுசன், மனைவியை இழந்தவர், சும்மா இருக்கத் தெரியாதவர். அவரைப் பார்த்து இன்னும் ஐந்தாறு பேர் பாத்தி பிடித்தார்கள். தண்டுக்கீரை, வெண்டி, பயித்தங்காய், பச்சை மிளகாய். கோடையில் எங்கள் கட்டடத்தில் யாரும் கீரை வாங்கியதில்லை. அண்ணை கதவைத் தட்டி, பிளாஸ்ரிக் பையைக் கைப்பிடியில் கொழுவிவிட்டுப் போவார்.

அந்தக் கீரை எங்களுக்குப் பெரிய காரியமானது என் மகளால்தான். அவளுக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்காமல் போயின. மூன்றாவது தங்கியது. அஜக்சில் வீடு வாங்கிப் போனவள் ஒரு வசந்தகாலத்தில் தொலைபேசியில் சொன்னாள். நான் அடுப்பை நிறுத்திவிட்டுத் தரையில் குந்தியிருந்து அழுதேன். இரத்தத்தில் இரும்பு குறைவு, பச்சை இலை நிறையச் சாப்பிடச் சொல்லி டொக்டர் சொன்னதாகச் சொன்னாள். இதைவிட எனக்கு என்ன வேண்டும்? அண்ணையிடம் ஓடினேன்.

"பிள்ளைக்கோ? அப்ப ஒரு பாத்தி அவளுக்கெண்டே போடுறன். நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ, தங்கச்சி," என்றார்.

அந்த வருடம் முயல்களின் தொல்லை. போட்ட நாற்று காலையில் இல்லை. "உந்த முயலுகளோடை என்னாலை மாரடிக்கேலாது. ஒரு வேலி வேணும். தண்ணிக் குழாய் ஒண்டும் வேணும். நாலாம் மாடியிலை இருந்து வாளி காவிக் காவி என்ரை தோள்மூட்டு போச்சு," என்று புலம்பினார். நான் இணையத்தில் தேடி ஒரு நிதியைப் பிடித்தேன். குப்பையைக் கொண்டுபோய்ப் புதைக்கிறவர்கள் தொன் கணக்கில் ஒரு வரி கட்டுகிறார்கள். அதில் ஒரு பங்கை, குப்பைமேடுகளுக்குப் பக்கத்தில் வாழும் சனத்தின் பொதுக் காரியங்களுக்குக் கொடுக்கிறார்கள்: பூங்கா, மரநடுகை, தோட்டம். நல்ல விஷயம்தானே. ஒரே சிக்கல், ஏழாவது கேள்வி. உங்கள் இடம் எந்தக் குப்பைமேட்டுக்கு அருகில் உள்ளது? அவர்களுடைய பட்டியலில் எங்களுக்குக் கிட்ட ஒன்றுமே இல்லை.

கட்டடத்தின் கீழ்த்தளத்து அறையில் தோட்டக்காரர்கள் எல்லோரையும் கூட்டி விஷயத்தைச் சொன்னேன். அண்ணை எழும்பிப் போனார். திரும்பி வரும்போது கையில் பெரிய ஜாம் போத்தல். மேசையில் வைத்தார்.

"முதல் வருசம் கொத்தேக்கை வந்ததுகள்," என்றார்.

உள்ளே உடைந்த கண்ணாடி, உருகி இறுகிய கறுப்புக் கட்டிகள், துருப்பிடித்த ஆணி, பழைய பற்றரியின் தகடுகள் போலச் சாம்பல் நிறத்தில் மெல்லிய துண்டுகள். மூடியைத் திறந்தேன். ஈரச் சாம்பல் மணம், அதற்குள் வாயில் செப்புக்காசு வைத்தது மாதிரி ஒரு கைப்பு. சட்டென்று மூடினேன்.

"உந்தப் போத்தலை ஏன் இப்ப வெளியிலை எடுக்கிறியள்?" என்று ஒரு அன்ரி பதறினார். கத்தரி நடுகிறவர். "கண்டாங்களெண்டால் தோட்டத்தையே மூடிப்போடுவாங்கள்!"

"அன்ரி, எனக்குக் கேஸ் எழுதத் தெரியும். உதுதான் எங்கடை காயம். உதை வைச்சால்தான் தருவினம்," என்றேன். சிரித்துக்கொண்டு சொன்னேன், பாருங்கள்.

அன்று மத்தியானமே எழுதினேன். இந்த நிலத்துக்குள் பட்டியலில் இல்லாத ஒரு பழைய குப்பைமேடு கிடக்கிறது, கொத்தும் போதெல்லாம் மேலே வருகிறது, முதியவர்கள் இந்த மண்ணில் விளைவதைத்தான் சாப்பிடுகிறார்கள். போத்தலை வெளிச்சத்தில் வைத்து நாலு படம் எடுத்து இணைத்தேன். கடைசி வரியை வாசித்தபோது எனக்கே மயிர் கூச்செறிந்தது. நல்ல வரி என்று நினைத்தேன். அனுப்பிவிட்டுக் கணினியை மூடினேன்.

மூடிய கையோடு, கதவில் தொங்கிய கீரைப் பையை எடுத்துக்கொண்டு புறநகர்க் கோ ரயிலில் அஜக்ஸ் போனேன்.

அந்தப் பயணத்தை எத்தனையோ தரம் நினைத்துப் பார்த்துவிட்டேன். மடியில் பை இருந்தது. வேரில் மண் ஒட்டியிருந்தது. இரண்டையும் சேர்த்து ஒரு கணம்கூட நான் நினைக்கவில்லை. சத்தியமாக இல்லை. படிவம் கந்தோருக்கு, கீரை வீட்டுக்கு.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். கீரை கழுவுவதில் நான் ஒரு சோம்பேறி. குழாயில் ஒரு தரம் காட்டி, உதறி, நறுக்கிப் போட்டுவிடுவேன். சின்ன வயதிலேயே மகள் பாதிச் சோற்றில் பல்லில் மணல் கடிபட்டுக் கத்துவாள், "அம்மா, சாண்ட்!" என்று. அவளுடைய கலியாண வீட்டில்கூடத் தோழிகளுக்கு இதைச் சொல்லிச் சிரித்தாள். அன்றும் ஒரு தரம்தான் கழுவினேன். தேங்காய்ப்பால் விட்டுக் கடைந்து கொடுத்தேன். "அம்மா, கிறிஸ்பியா இருக்கு," என்று பல்லைக் காட்டினாள்.

இப்படிப்பட்ட விண்ணப்பங்களுக்குப் பதில் வர மாதக்கணக்காகும். எங்களுக்கு இரண்டு கிழமையில், பதினாலே நாளில், வந்தது. கெட்டித்தனத்துக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்தேன். அவசரமாக வரும் கடிதத்தில் நல்லது இராது என்பது கேஸ் எழுதின காலத்தில் எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஏனோ அது அன்றைக்கு ஞாபகம் வரவில்லை.

கடிதத்தில் சொன்ன நாளில், இடம் பார்க்க நிதியிலிருந்து ஒரு பெண் வந்தார். என் விண்ணப்பத்தை அச்செடுத்து வைத்திருந்தார். கடைசி வரிக்கு மஞ்சள் பூசியிருந்தது. பாத்திகளுக்கு நடுவில் நடந்தார், ஒரு இலையையும் தொடவில்லை. அண்ணை வழக்கம்போலப் பச்சை மிளகாய்ப் பை ஒன்றை நீட்டினார். அந்தப் பெண் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அண்ணையின் பையை வேண்டாமென்றவரை நான் அதுவரை கண்டதில்லை. நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.

பிறகு என்னிடம் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். மண்ணைப் பரிசோதிக்க ஆட்கள் வருவார்கள். முடிவு வரும்வரை இங்கே விளைந்த எதையும் சாப்பிடாமல் இருப்பது நல்லது, முக்கியமாக இலைவகை. இதை எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள் என்றார்.

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். அண்ணை மிளகாய்ப் பையோடு நின்றார். கத்தரி அன்ரியின் முகம் ஏற்கெனவே வெளுத்திருந்தது. நான் இத்தனை வருடம் மொழிபெயர்த்தவள், ஒரு சொல் கூட்டியதில்லை, குறைத்ததில்லை.

"மண் பாக்க ஆக்கள் வருவினமாம்," என்றேன். "அதுவரைக்கும் இலைவகையை வடிவாக் கழுவிச் சாப்பிடட்டாம்."

ஏன் அப்படிச் சொன்னேன்? சனம் பயந்து விண்ணப்பத்தை விடச் சொல்லும் என்ற பயம். அன்ரி சொன்னது பலித்துவிட்டதே என்ற ரோசம். அதைவிடப் பெரியது, உண்மையைச் சொன்னால் அடுத்த சொல்லாக என் மகளின் பேர் வரும் என்பது. அதை என் வாயால் சொல்ல எனக்குத் துணிவில்லை.

அந்தக் கிழமை மகள் தொலைபேசி எடுத்துச் சொன்னாள், "அம்மா, கீரை முடிஞ்சுது, எப்ப வாறீங்க?" இல்லை என்றால் ஏன் என்று கேட்பாள். கொண்டுபோனேன். அவளுடைய குசினியில் பெரிய சட்டியில் தண்ணீர் நிரப்பி, உப்பும் மஞ்சளும் போட்டு, மூன்று தரம் கழுவினேன். மூன்றாம் தண்ணீர் தெளிவாக இருந்தது. தெளிவாக இருக்கிறது, தெளிவாக இருக்கிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அவள் ஒரு வாய் வைத்துவிட்டு, "வாவ், சாண்டே இல்லை!" என்றாள். மிச்சத்தைச் சின்னச் சின்னப் பெட்டிகளில் போட்டு ஃப்ரீசரில் அடுக்கினோம், நான் வராத நாளுக்கு.

அதற்கடுத்த கிழமையிலிருந்து தமிழ்க் கடையில் வாங்கி, அண்ணையின் பையில் மாற்றிப் போட்டுக் கொண்டுபோனேன். ஃப்ரீசரில் இருந்த பெட்டிகளைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஒவ்வொரு முறை போகும்போதும் ஃப்ரீசரைத் திறந்து பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் ஒரு பெட்டி குறைந்திருக்கும்.

மண் எடுக்க வந்தவர்கள் கையுறையும் முகமூடியும் போட்டிருந்தார்கள். பாத்தி பாத்தியாகக் குழாய் இறக்கினார்கள். மகளுக்கென்று போட்ட பாத்தியில் இரண்டு இடத்தில். மரங்களில் இலை பழுக்கத் தொடங்கிய நேரம் முடிவு வந்தது. மண்ணில் ஈயம். இருக்கக்கூடாத அளவில், எல்லாப் பாத்தியிலும். அதோடு ஒரு நல்ல செய்தியும் இருந்தது. எங்கள் விண்ணப்பம் ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது. அந்தப் பணத்தில் முதல் வேலையாக நிலத்தை அடைப்பார்கள்.

இரண்டு ஆள் உயரத்தில் கம்பிவலை வேலி போட்டார்கள். பூட்டும் போட்டார்கள். உள்ளே வெண்டிக்காய் முற்றித் தொங்கியது. அண்ணை வலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வேலி கேட்டம், தங்கச்சி. வந்திட்டுது," என்றார். என்னைப் பார்க்காமலே கேட்டார், "பிள்ளை சுகமாய் இருக்கிறாளோ?"

நான் பூட்டை இழுத்துப் பார்த்தேன்.

கடிதத்தோடு ஒரு படிவம் இருந்தது. தோட்டத்தில் விளைந்ததைச் சாப்பிட்ட கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் உடனே இரத்தம் பரிசோதிக்க வேண்டும், இதை நிரப்பி டொக்டரிடம் கொடுக்க வேண்டும். எங்கள் கட்டடத்தில் அப்போது கர்ப்பிணி ஒருவரும் இல்லை. நான் அதை எடுத்துக்கொண்டு ரயில் ஏறினேன். மடியில் கீரைப் பை இல்லாதது கை வெட்டுப்பட்டது போல இருந்தது.

மகளுக்கு ஏழாம் மாதம். கதவைத் திறந்ததும் என் கையைத்தான் பார்த்தாள். "இன்னொரு ஃபோர்மா? இந்த முறை யாருக்கு?" என்று சிரித்தாள்.

"உனக்கு."

அவளுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. நின்றபடியே இரண்டு பக்கத்தையும் வாசித்தாள். ஒரு கை தானாக வயிற்றின் மேல் போனது. பிறகு ஃப்ரீசரைத் திறந்தாள். கடைசிப் பெட்டி ஒன்று இருந்தது. அதை எடுத்து மேசையில் எங்களுக்கு நடுவில் வைத்தாள். மூடியில் பனி படிந்திருந்தது.

பேனையை என்னிடம் நீட்டினாள். "நீங்களே ஃபில் பண்ணுங்கோ. யு ஆர் த எக்ஸ்பேர்ட்."

வாரத்துக்கு எத்தனை தரம் சாப்பிட்டீர்கள்? எழுதினேன். எந்த மாதத்திலிருந்து? எழுதினேன். சாப்பிட முன் கழுவினீர்களா, எப்படி? அந்தப் பெட்டிக்கு முன்னால் பேனை நின்றது. இதிலாவது நல்லதாக ஒன்று எழுதலாம் என்று அவசரப்பட்டேன். அவளை ஆறுதல்படுத்தத்தான் சொன்னேன்.

"பயப்பிடாதை பிள்ளை. நான் வடிவாக் கழுவினனான். உப்பு, மஞ்சள் எல்லாம் போட்டு, மூண்டு தரம் கழுவினனான்."

 அவள் கண் என் முகத்திலேயே இருந்தது. 

"நீங்கள் எப்பவும் ஒரு தரம்தானே கழுவுவீங்கள்," என்றாள். "ஏன் அம்மா மூண்டு தரம்?"