பதினேழாம் நபர்

லோகேஸ்வரிக்குக் கோபம் பொசுக்கென்று வரும். பண்டார் பாரு பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் மிஞ்சியிருந்த முப்பத்தைந்து தமிழ்க் குடும்பங்களில் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவம் வரை போனவள் அவள் ஒருத்திதான். பாதியில் படிப்பை நிறுத்திவிட்டு மோட்டார் சைக்கிளில் சுற்றும் பையன்களைக் கண்டால் கோபம். தேர்தலுக்குத் தேர்தல் வந்து “கவனிக்கிறோம்” என்று சொல்லிவிட்டு, தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலில் தேநீர் குடித்துவிட்டுப் போகிறவர்களைக் கண்டால் அதைவிடக் கோபம். இங்குள்ள குறைகளை யாராவது ஒழுங்காக எழுதி, மேலிடத்தின் மூக்குக்கு நேரே நீட்டினால் எல்லாம் மாறிவிடும் என்று அவள் நம்பினாள். பத்தொன்பது வயதில் இதைக்கூட நம்பாவிட்டால் பிறகு எப்போது நம்புவது?

நீட்டுவதற்கு வாய்ப்பும் தானாகவே வந்தது. ஆறாம் படிவப் பரீட்சைக்கு ஒரு சமூகப் பிரச்சினையைப் பற்றிக் கள ஆய்வு செய்து மலாயில் அறிக்கை எழுத வேண்டும். தோட்டத்துப் பிள்ளைகள் ஏன் பள்ளிக்கூடத்தை விட்டு நிற்கிறார்கள் என்பதை அவள் எடுத்துக்கொண்டாள். வகுப்பாசிரியர் சிவநேசன் சார் தலையாட்டினார். ஒரே ஒரு விதி சொன்னார்: பதில் சொன்னவர்களின் பெயர் அறிக்கையில் வரக் கூடாது, எண் மட்டும்தான். அவர்களுக்குப் பின்னால் தொல்லை வரக் கூடாது அல்லவா? லோகேஸ்வரிக்கு அந்த விதி ரொம்பப் பிடித்துப்போனது. பெரிய இடத்து ஆராய்ச்சி மாதிரி இருந்தது.

வீட்டுக்கு ஒன்றாகக் கேள்வித்தாள்களைக் கொடுத்தாள். முதல் வாரம் மூன்று தாள் திரும்பி வந்தது. அதில் ஒன்றின் முதுகில் யாரோ லாட்டரிக்கு நாலு நம்பர் எழுதிப் பார்த்திருந்தார்கள்.

இரண்டாம் வாரம் நிலைமை தலைகீழானது. தாள்கள் தேடி வந்தன. ஒவ்வொன்றோடும் அடையாளக் கார்டின் நகல், கரண்டு பில்லின் நகல், சிலதில் வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம்கூட, எல்லாம் அழகாக ஸ்டேப்ளர் அடித்து இருந்தன. பிச்சை மாமாவின் வேலை இது. தோட்டத்து ஆட்களை வேலை வாங்கிய பழைய மண்டோரான அவர், இது அரசாங்க உதவிக்கான பாரம், நகல் இணைக்காவிட்டால் செல்லாது என்று கோயிலில் வைத்துச் சொல்லிவிட்டார். ஆயுள் முழுக்கப் பாரம் நிரப்பியே பழகிய ஜனங்கள். வேறெதற்காகவாவது ஒரு தாள் தங்கள் வாசல் ஏறி வரும் என்பதே அவர்களுக்குத் தோன்றவில்லை.

“மாமா, இது பந்துவான் பாரம் இல்ல. என் பரீட்சைக்கு.”

“தெரியும்மா. அப்படித்தான் சொல்லச் சொல்லியிருப்பாங்க,” என்று அவர் கண்ணைச் சிமிட்டினார். “மொதல்லயே சொன்னா பக்கத்துத் தோட்டத்துக்காரனெல்லாம் வந்து நின்னுடுவான்லா.”

வீடு வீடாக ஏறி அவள் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. மூன்று தாளை வைத்துக்கொண்டு அவள் அழுத அழுகை அவளுக்குத்தான் தெரியும். உண்மையை உரக்கச் சொன்னால் பாதி பேர் தாளைத் திரும்பக் கேட்பார்கள். ஆய்வு முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டாள். ஊருக்கு நல்லது செய்யப் புறப்படுகிறவர்கள் தங்களுக்குத் தாங்களே கொடுத்துக்கொள்ளும் சலுகை இது. அவளும் தாராளமாக எடுத்துக்கொண்டாள்.

செலஸ்டின் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலிருந்து நேராக வந்தாள். குத்தகைக்காரரிடம் செம்பனை உதிரிப் பழம் பொறுக்கும் பெண். லயத்தில் பிறந்தவள். பெற்றவர்கள் பதியாமல் விட்டதால் அவளிடம் அடையாளக் கார்டு கிடையாது. அவளுடைய மகள் ஸ்டெஃபனிக்குப் பதினொரு வயது. தாய்க்கே தாள் இல்லாததால் மகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் எடுக்க முடியவில்லை. அது இல்லாததால் பள்ளிக்கூடமும் இல்லை. தகப்பன் ஜொகூருக்கு வேலைக்குப் போனவன், போனவன்தான்.

“எனக்கு எழுதத் தெரியாது தங்கச்சி. நான் சொல்றேன், நீ எழுதிக்க,” என்றாள். இரண்டு மணி நேரம் சொன்னாள். எழுதி முடித்ததும், ரவிக்கைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். “எல்லாரும் நகல் குடுத்தாங்களாம். என்கிட்ட இது ஒண்ணுதான் இருக்கு.”

ஸ்டெஃபனி பிறந்த தனியார் கிளினிக் கொடுத்த சீட்டு அது. தாயின் பெயர், பிறந்த தேதி, டாக்டரின் கையெழுத்து, கீழே மையில் ஒற்றிய குட்டிப் பாதம் ஒன்று. டாக்டர் இறந்து கிளினிக்கை மூடி, இப்போது அந்த இடத்தில் கைப்பேசிக் கடை நடக்கிறது.

“அக்கா, இது அசல். நகல் எடுத்துட்டு நாளைக்கே தந்துடுறேன்,” என்றாள் லோகேஸ்வரி. மனதாரத்தான் சொன்னாள்.

மறுநாள் கடையில் நகல் இயந்திரம் பழுது. அதற்கடுத்த நாள் அறிக்கை கொடுக்கக் கடைசி நாள். ஆதாரங்களெல்லாம் ஒரு பெட்டியில் சாரிடம் போய்விட்டன, சீட்டும் அதோடு போனது. பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். பரீட்சை நெருங்கியது. இரண்டு தடவை ஞாபகம் வந்தது, இரண்டு தடவையும் சிவநேசன் சார் வேறு வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். பிறகு ஞாபகம் வருவதும் நின்றுவிட்டது.

அறிக்கைக்கு உயர்ந்த மதிப்பெண். செலஸ்டினின் கதை வரும் அத்தியாயத்தைச் சார் வகுப்பில் வாசித்துக் காட்டினார். பின்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள். லோகேஸ்வரிக்குப் பெருமை பிடிபடவில்லை.

தோட்டத்தில் மட்டும் ஒரே கேள்வி. “சூராட் வந்துச்சாம்மா?” என்று கடிதத்தை விசாரிப்பார் பிச்சை மாமா. செலஸ்டினும் கேட்பாள். “இன்னும் வரலக்கா,” என்பாள் லோகேஸ்வரி. அது பொய்யில்லைதான். யாரும் அனுப்பாத கடிதம் வரவில்லை என்றுதானே சொன்னாள்? நாளாக ஆக அவள் செலஸ்டின் வீட்டைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்குப் போகப் பழகினாள்.

அடுத்த ஆண்டு மார்ச்சில், பஸ் நிற்கும் இடத்துக்கே செலஸ்டின் வந்து நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

“தங்கச்சி, சனிக்கிழமை பண்டார் பாருவுக்கு ஒரு வக்கீல் வர்றாராம், குணாளன்னு. காசு வாங்காம கேஸ் போடுவாராம். பிள்ள இங்கதான் பொறந்துச்சுன்னு ஏதாவது ஒரு தாள் இருந்தாப் போதுமாம். ஃபாதர் சொன்னார். அந்தச் சீட்டக் குடு.”

லோகேஸ்வரி அன்றே பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். சிவநேசன் சார் மெர்கோங்குக்கு மாற்றலாகிப் போயிருந்தார். போனில் பிடித்தபோது பெட்டிகள் ஸ்டோரில் இருக்கும் என்றார். ஸ்டோரில் நாற்காலிகள் இருந்தன. “பழைய பேப்பரெல்லாம் டிசம்பர்ல லோரி வந்து ஏத்திட்டுப் போச்சே,” என்று காவலாளி சொன்னார். அவரை நம்பாமல், நாற்காலிகளை ஒவ்வொன்றாக நகர்த்தி அடியில் தேடினாள். அதன் பிறகு தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுகிற நேரத்திலும், ஒரே ஒரு நகல் எடுத்திருந்தால் என்ற எண்ணம்தான் திரும்பத் திரும்ப வந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் செலஸ்டின் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். உதவிப் பாரம் இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னாள். கத்துவாள், அடிப்பாள், அடித்தால் நல்லது என்று நினைத்திருந்தாள். செலஸ்டின் கத்தவில்லை. முந்தானையில் கையைத் துடைத்தாள், துடைத்த கையையே மறுபடி துடைத்தாள்.

“அப்ப அந்தப் பாதம்…” என்றாள். பிறகு, “சரி, நீ எங்க கதைய புக்கு மாதிரி எழுதினியே, அது உன்கிட்ட இருக்குல்ல? அதக் காட்டினா வக்கீல் ஒத்துக்கமாட்டாரா?”

லோகேஸ்வரியின் பையில் அந்த அறிக்கையின் பிரதி இருந்தது. எதற்காகக் கொண்டுவந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. எடுத்துக் கொடுத்தாள். செலஸ்டின் அதை வாங்கி மகளிடம் நீட்டினாள். தேவாலயத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியவள் ஸ்டெஃபனி. அவளுக்கு மலாய் அவ்வளவாகப் புரியாது, ஆனால் தன் பெயரை எங்கே கண்டாலும் தெரியும்.

“உன் பேரு எங்க வருதுன்னு பாரு. நாளைக்கு அந்தப் பக்கத்தத்தான் காட்டணும்.”

பிள்ளை தரையில் சம்மணமிட்டு, விரலை வைத்து வரி வரியாகத் தேடினாள். அவளுடைய அத்தியாயம் முப்பத்தோராம் பக்கத்தில் தொடங்கியது. ‘பதினேழாம் நபரின் மகள்’ என்றுதான் அதில் முழுக்க இருந்தது. விரல் அதையும் தாண்டிப் போனது.

“எங்கக்கா என் பேரு? ‘எஸ்’லதான ஆரம்பிக்கும்?”

ஸ்டெஃபனி கடைசிப் பக்கம் வரை பார்த்தாள். அவசரத்தில் எங்கோ விட்டிருப்போம் என்று நினைத்துக்கொண்டு, மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து தொடங்கினாள்.