மனேஜரைக் கட்டியவனின் வயல்

இன்று காலை நெல் வெட்டுகிற மெசின் எங்கள் வயலைத் தாண்டிப் போய்விட்டது.

எங்கள் ஊர் அக்கராயனில் மெசின் வாய்க்கால் வரிசைப்படிதான் வரும். காலை எங்கள் முறை. மறித்துக் கேட்டேன்.

"அண்ணை, அக்கா நேற்றே முறையை மாத்திப்போட்டா. உங்களுக்குச் சொல்லேல்லையோ?" என்றான் மெசின் சாரதி.

அக்கா என்றால் சுதா, என் மனைவி. (வீட்டுச் செய்தி எனக்குக் கடைசியில்தான் வரும்.)

ஒரு காலத்தில் மாவட்ட உதைபந்தாட்ட அணியின் முன்கள வீராங்கனை. சுதாவுக்குப் பந்து கொடுப்பது உண்டியலில் காசு போடுகிற மாதிரி, திரும்பி வராது என்பார்கள். ஆனால் கோல் வரும்.

இப்போது ஊர்ப் பெண்கள் அணிக்கு மனேஜர். இன்று பின்னேரம் இறுதிப் போட்டி.

போன் எடுத்தேன்.

"மழை இருட்டுது. ஏன் முறையை மாத்தினனீர்?"

"தர்சினி வீட்டு வயலுக்குப் பின்னேரமெல்லோ மெசின். அவளும் தாயும்தான், மூட்டை கட்ட வேற ஆளில்லை. கோல் கீப்பர் இல்லாம நான் என்னண்டு அணியை இறக்கிறது? எங்கட காலை முறையை அவைக்குக் குடுத்திட்டன்."

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

"சொன்னா விட்டிருப்பீங்களோ?"

"இல்லை."

"அதுதான் சொல்லேல்லை."

பின்னேரம் மெசின் வந்தது. பாதி வெட்டியதும் மழையும் வந்தது. சேற்றில் புதைந்துவிடும் என்று சாரதி மெசினைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். நான் மூட்டைகளைத் தார்ப்பாய்ப் படங்கால் மூடிவிட்டு, சண்டை பிடிக்கிற எண்ணத்தோடு நனைந்து நனைந்து மைதானத்துக்குப் போனேன்.

எங்கள் அணி ஒரு கோல் முன்னால். கடைசி நிமிடத்தில் எதிரணிக்குப் பெனால்டி.

தர்சினி இடப்பக்கம் பாய்ந்து பந்தை நெஞ்சோடு அமுக்கிக்கொண்டாள்.

ஊரே மைதானத்துக்குள் இறங்கிவிட்டது. சுதா மட்டும் கோட்டுக்கு வெளியே நின்று அழுதாள். தான் கோல் அடித்த எந்த நாளிலும் அவள் அழுது நான் கண்டதில்லை.

என் கோபம் போகவில்லை. பெருமை அதைவிடப் பெரிதாக இருந்தது. நேரே சொல்ல வாய் வராததால் இங்கே எழுதுகிறேன்.

என்னைக் கண்டதும் கேட்டாள்.

"எவ்வளவு வெட்டினது?"

"பாதி. மிச்சம் சாஞ்சு கிடக்கு. இனி மெசின் இறங்காது."

அவள் திரும்பி, கோப்பையோடு நின்ற பிள்ளைகளைக் கூப்பிட்டாள்.

"நாளைக்கு விடிய எல்லாரும் அரிவாளோட எங்கட வயலுக்கு வாங்கோ. பின்வரிசை வாய்க்கால் பக்கம். முன்வரிசை மேல் வரம்பால இறங்குங்கோ. தர்சினி, நீயும் அம்மாவும் கட்டுக் கட்டுங்கோ."

"ஓம் அக்கா" என்றார்கள் எல்லோரும்.

"அப்ப நான்?" என்று கேட்டேன்.

"நீங்கள் தேத்தண்ணி."