கடவாய்ப் பல்

எங்கள் பள்ளிக்கூடத்தில் எலும்புக்கூடு கிடையாது. தெஹியோவிட்டவிலிருந்து மேலே ஏறினால் வரும் இறப்பர் தோட்டம் ஒன்றின் பள்ளிக்கூடம் அது. கூரைத் தகரத்தை மாற்றச் சொல்லியே வருடக்கணக்காகக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம். இதில் எலும்புக்கூட்டை யாரிடம் போய்க் கேட்பது? நான் அங்கே விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். அதே தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து, வெளியே போய்ப் படித்து, அங்கேயே வாத்தியாராகத் திரும்பி வந்தவன். அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. நடந்ததற்கெல்லாம் அந்தத் தலைக்கனம்தான் காரணம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் லயத்துக்கு மேலே போகும் கரண்ட் கம்பியில் ஒரு குரங்குக் குட்டி அடிபட்டுச் செத்தது. தலைமயிரை நடு வகிடு எடுத்துச் சீவிவிட்ட மாதிரி இருக்கும் குரங்கு; சிங்களத்தில் ரிலவா என்பார்கள், நாங்களும் அப்படித்தான் சொல்வோம். தாய்க் குரங்கு குட்டியை விடவில்லை. ஒரு கையால் கொப்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் குட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நாலு நாள் அலைந்தது. ஈ மொய்க்கத் தொடங்கிய பிறகும் அதற்குப் பேன் பார்த்தது. ஐந்தாம் நாள் எங்கள் வீட்டுக்குப் பின்னால் போட்டுவிட்டுப் போய்விட்டது.

அதை எடுத்துப் புதைத்தவர் என் அம்மா. முப்பது வருடத்துக்கு மேல் இறப்பர் மரத்தில் பால் வெட்டியவர். எங்கள் லயத்தில் செத்த குரங்கைக் குப்பையில் வீசமாட்டார்கள். ஆஞ்சநேயர் என்று மஞ்சள் தண்ணீர் தெளித்து, வெள்ளைத் துணி சுற்றி, பால் ஊற்றிப் புதைப்பார்கள். அம்மாவும் அப்படியே செய்தார். லயத்துக்குப் பின்னால் சரிவில் நிற்கும் பழைய குரோட்டன் செடியின் அடியில் குழி தோண்டினார். ஏன் அவ்வளவு தூரம் போகிறார், வாசலிலேயே இடம் இருக்கிறதே என்று நினைத்தேன். கேட்கவில்லை.

கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டார். எனக்கு முன்னால் ஓர் அக்கா பிறந்து, இரண்டு வயது முடிய நாலு மாதம் இருக்கும்போது இறந்துபோனாள். நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. மூன்று நாள் காய்ச்சல். கடவாய்ப் பல் முளைக்கிற காய்ச்சல், தானாக விட்டுவிடும் என்று இருந்துவிட்டார்கள். தோட்டத்து டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது எல்லாம் முடிந்திருந்தது. "வாய்க்குள்ள வெரல விட்டுப் பாத்திருந்தா பல்லா, வேற நோவான்னு தெரிஞ்சிருக்கும். வேலைக்கு நேரமாச்சின்னு ஓடிட்டேனே," என்று அம்மா எத்தனையோ தடவை சொல்லி நான் கேட்டிருக்கிறேன். ஆனால் அவளை எங்கே புதைத்தார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியாது. சின்னப் பிள்ளையின் குழிக்குக் கல் வைப்பதில்லை. பின்னால் பிறந்த பிள்ளைகளுக்கு அந்த இடத்தைக் காட்டவும் மாட்டார்கள். காட்டினால் செத்த பிள்ளை இவர்களையும் விளையாடக் கூப்பிட்டுக்கொள்ளும் என்று பயம். நான் வாத்தியாராகி, தலை நரைக்கத் தொடங்கிய பிறகும் அம்மாவுக்கு அந்தப் பயம் போகவில்லை.

அடுத்த வருடம் பத்தாம் வகுப்புக்குக் கூர்ப்புப் பாடம் வந்தது. உயிர்கள் எப்படி மாறி மாறி வந்தன என்று கரும்பலகையில் படம் கீறியே நான் அலுத்துப்போயிருந்தேன். குட்டியின் நினைவு வந்தது. அம்மா கிளினிக்குக்கு அவிசாவளைக்குப் போயிருந்த ஒரு சனிக்கிழமை மம்பட்டியை எடுத்துக்கொண்டு குரோட்டன் அடிக்குப் போனேன். துணி மக்கிப்போயிருந்தது. எலும்புகள் சுத்தமாக இருந்தன. சின்ன எலும்பு ஒன்றும் தவறிவிடக்கூடாது என்று இன்னும் ஒரு முழம் ஆழமாகத் தோண்டி, மண் முழுவதையும் சல்லடையில் சலித்தேன். பெரிய மேதாவி மாதிரி விசிலடித்துக்கொண்டே சலித்தேன். எலும்புகளைக் கழுவிக் காயவைத்து, கறுப்புத் துணி ஒட்டிய பலகையில் பசை போட்டு வரிசையாக ஒட்டினேன். எதோடும் சேராத துண்டு துணுக்குகளை காலியான கரும்பலகைச் சோக்குப் பெட்டி ஒன்றில் போட்டு அலுமாரிக்குள் தள்ளினேன்.

பாடம் நன்றாகத்தான் போனது. நாம் குரங்கிலிருந்து வந்தோம் என்று எவனாவது பரீட்சையில் எழுதினால் காதைத் திருகுவேன் என்று ஆரம்பித்தேன். நமக்கும் அதற்கும் எங்கேயோ பாட்டன் பூட்டன் ஒருவர்தான், அங்கிருந்து இரண்டு குடும்பமாகப் பிரிந்தோம், அவ்வளவுதான். குட்டியின் கையைக் காட்டினேன். "இந்தா பாருங்க, ஒரு விரலுக்கு மூணு எலும்பு, பெருவிரலுக்கு ரெண்டு. நமக்கும் அதேதான். இந்தக் கையையும் ஒரு கைப்பிள்ளையோட கையையும் பக்கத்துல பக்கத்துல வச்சா உங்களால வித்தியாசம் சொல்ல ஏலாது." வித்தியாசம் பல்லில் தெரியும். குரங்கின் கடவாய்ப் பல்லில் குறுக்கே இரண்டு வரப்பு ஓடும். நம்முடையதில் வரப்பு இருக்காது, உருண்டையாக மேடுகள் இருக்கும். அதை மறுநாள் சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

வாசலில் அம்மா நின்றார். நான் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டுப் பார்சல் கையில் இருந்தது. எப்போது வந்தார் என்று தெரியாது. பலகையைப் பார்த்துக்கொண்டே உள்ளே வந்தார். பிள்ளைகள் எழுந்து நின்றார்கள்.

"தம்பி, குரோட்டன் அடியில தோண்டுனியா?"

"ஆமாம்மா. படிப்புக்குத்தான்."

அம்மா குனிந்து ஒவ்வொரு எலும்பாகப் பார்த்தார். கண்ணாடி போடாததால் முகத்தைப் பலகைக்குக் கிட்டக் கொண்டுபோனார். பிறகு என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"இதுல எது நம்ம புள்ள?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது அம்மாவின் பக்கத்தில் போய்க் கேட்டேன்.

"அக்காவா அங்க இருக்கு?"

"தனியாக் கெடந்தாளேன்னு அந்தக் குட்டியத் தொணைக்கு வச்சேன்."

அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். பிள்ளைகளுக்கு முன்னால் மானம் போகிறதே என்று இருந்தது. விளக்கம் சொல்லத் தொடங்கினேன். "இதுல நம்ம புள்ள இல்லம்மா. இது எல்லாமே ரிலவாவோட எலும்பு. நாப்பது வருசம் ஆச்சு. இந்த ஊர் மழைக்கும் மண்ணுக்கும் சின்னப் பிள்ளையோட எலும்பு நிக்காது. எப்பயோ கரைஞ்சி போயிருக்கும். ஒண்ணுமே இருக்காது."

ஒன்றுமே இருக்காது என்று என் அம்மாவிடம், என் வாயால் சொன்னேன். நினைத்தால் இன்றைக்கும் என்னையே செருப்பால் அடிக்கவேண்டும் போல இருக்கிறது.

"நீதானே இப்ப சொன்ன, வித்தியாசம் சொல்ல ஏலாதுன்னு," என்றார் அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. பார்சலை மேசையில் வைத்துவிட்டு, ஒட்டியிருந்த எலும்புகளை நகத்தால் நெம்பி எடுத்து முந்தானையில் போட்டார். வால் எலும்புகளைக்கூட விடவில்லை. வால் நமக்குக் கிடையாது என்று சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளையாகச் சொல்லவில்லை.

அன்றைக்குப் பின்னேரமே மறுபடியும் மஞ்சள் தண்ணீர், வெள்ளைத் துணி, பால். குழியை நான்தான் தோண்டினேன். மண்ணைத் தள்ளும் முன் அம்மா கேட்டார்.

"எல்லாத்தையும் போட்டுட்டியா தம்பி? ஒண்ணும் மிச்சம் இல்லையே?"

"எல்லாம் போட்டாச்சும்மா."

சோக்குப் பெட்டி என் நினைவுக்கே வரவில்லை. அதற்குப் பிறகு அம்மா என்னோடு பேசாமல் இருந்ததில்லை. சமைத்துத் தந்தார், துணி மடித்து வைத்தார். ஆனால் பள்ளிக்கூடத்துப் பக்கம் வருவதில்லை. சாப்பாட்டை மறந்தால் மறந்ததுதான்.

போன மாதம் அலுமாரியைத் துப்புரவு செய்தபோது பெட்டி கிடைத்தது. நாலைந்து எலும்புத் துணுக்குகள், ஒரு சிப்பித் துண்டு, ஒரு பல். வேரெல்லாம் போய் மேல் ஓடு மட்டும் மிஞ்சிய பழுப்பு நிறப் பல். எலும்பு கரையும், பல்லின் மேல் ஓடு அவ்வளவு சீக்கிரம் கரையாது. இதையும் நான்தான் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேன். பல்லை ஜன்னல் ஓரம் கொண்டுபோய்ப் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். குறுக்கே வரப்பு இல்லை. உருண்டையான மேடுகள்தான் இருந்தன.

அம்மா கேட்டது சரி. படித்த நான் சொன்னது பிழை. அக்காவின் முகம் எனக்குத் தெரியாது, அவளுக்கு ஒரு படம்கூட இல்லை. அவளில் நான் முதன்முதலாகப் பார்த்தது அந்தப் பல்தான். ஜன்னல் ஓரத்திலேயே நின்று அழுதேன்.

இன்னொன்றையும் பார்த்தேன், பார்க்காமலே இருந்திருக்கலாம். மேடுகளின் உச்சி லேசாகத் தேய்ந்திருந்தது. ஈறுக்குள் இருக்கும் பல் தேயாது. சோறு மென்றால்தான் தேயும். அந்தப் பல் முளைத்துப் பல மாதம் ஆகியிருந்தது. அவளுக்கு வந்தது பல் காய்ச்சல் இல்லை.

பல்லை ஒரு வெள்ளைத் துணியில் வைத்து அம்மாவிடம் கொண்டுபோனேன். அடுப்படியில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நீங்க சொன்னதுதான்மா சரி. நம்ம புள்ளையும் அதுல இருந்திருக்கு. நான்தான் பிழையாச் சொல்லிட்டேன்."

அம்மா சுளகைக் கீழே வைத்தார். பல்லை உள்ளங்கையில் வாங்கி, அதன் மேல் விரலை வைத்துத் தடவினார். நாற்பது வருடத்துக்கு முன் விட்டுப் பார்த்திருக்கவேண்டிய அந்த விரலை.

"கடவாப் பல்லா தம்பி?"

"ஆமாம்மா."

"ஈறுலேருந்து முழுசா வந்துட்டிருந்துச்சா? இல்ல, அப்பத்தான் வந்துகிட்டிருந்துச்சா? ஒனக்குப் பாத்தாத் தெரியும்ல?"

"தெரியும்மா," என்றேன். "அப்பத்தான் வந்துகிட்டிருந்துச்சு."