குதிகால் தரையில படக்கூடாது

எனக்கு சந்தேகம் ஜாஸ்தி. மீன்காரம்மா செவுளத் தூக்கிக் காட்டுனாலும் நான் ஒரு தரம் விரல விட்டுப் பாத்துட்டுத்தான் வாங்குவேன். மாதா கோயில்ல மெழுகுவத்தி வாங்குனாகூட உள்ள திரி கடைசி வரைக்கும் போவுதான்னு தூக்கிப் பாப்பேன். "உன்ன போலீஸ்ல சேத்திருக்கணும்டி"ன்னு என் வீட்டுக்காரரு சொல்லுவாரு. சொல்லிட்டுப் போறாரு. அதனாலதான் எங்க பொண்ணு நுனிக்கால்ல நடக்குறத வீட்டுல மொதல்ல பாத்தது நான்.

காலையில அடுப்புல தண்ணி வெச்சுட்டுத் திரும்புறேன், பாயிலேருந்து எழுந்து கொல்லப்பக்கம் போறா. குதிகால் ரெண்டும் தரையில படல. சொவத்தப் புடிச்சுக்கிட்டு விரல் நுனியில போறா.

மரக்காணத்துல உப்பளத்து வேலைக்குப் போறவங்க யாரக் கேட்டாலும் அந்த நடை என்னன்னு சொல்லிடுவாங்க. பாத்தியில உப்புத் தண்ணியில நின்னு நின்னு குதிகால் பாளம் பாளமா வெடிச்சுப்போவும். வெடிப்புக்குள்ள உப்பு ஏறிட்டா காலையில மொத பத்து அடி குதிகால ஊனவே முடியாது. எங்க தெருவுல பாதிப் பொம்பளைங்க விடிஞ்சதும் அப்படித்தான் நடப்பாங்க. நானும் அப்படித்தான். ஆனா அவ காலேஜ் படிக்கிற பொண்ணு. காலையில எட்டு மணி பஸ்ஸுக்குப் போயி சாயங்காலம் வர்றவளுக்கு இந்த நடை எங்கேருந்து வந்துது?

அவ கால் பாத்தியில படக்கூடாது. எனக்குன்னு இருந்த ஆசை அது ஒண்ணுதான். நகையில்ல, மாடி வீடில்ல, அது ஒண்ணு. அந்த வருஷம் பாத்து, லாரியில மூட்டை ஏத்திக்கிட்டிருந்த எங்க வீட்டுக்காரருக்கு இடுப்பு புடிச்சுக்கிச்சு. பொங்கல்லேருந்து கட்டில்லதான். நான் ஒருத்தி உப்பு சுமந்து வீட்ட ஓட்டுறேன். இந்த மாதிரி வீட்டுல வயசுப் பொண்ணு என்ன பண்ணும்னு எனக்குத் தெரியாதா? காலேஜ் பையில கிழிசல் சட்டை ஒண்ண மறைச்சு வெச்சுக்கிட்டு நேரா வேற அளத்துக்குப் போயிடும்.

வாயத் தொறந்து கேக்கல. கேட்டா பொய்தான் வரும். அதனால வேவு பாக்க ஆரம்பிச்சேன்.

தேங்கா எண்ணெ பாட்டில் சீக்கிரம் காலியாச்சு. குப்பையில வெள்ளத்துணி கிழிச்ச பட்டை ரெண்டு கெடந்துது, ஒண்ணுல ரத்தக்கறை. நாங்க காலுக்குக் கட்டுற பட்டை அதேதான், அதே அகலம். அவ சுடிதார் பேன்ட் ஓரத்த மோந்து பாத்தேன். ஒண்ணும் தெரியல. சரின்னு நாக்க வெச்சுப் பாத்தேன். கரிச்சுது! எங்க ஊரு போர் தண்ணியில தொவைச்ச எந்தத் துணிய நக்குனாலும் கரிக்கத்தான் செய்யும், அது அப்போ புத்தியில ஏறல. மொகம் வெயில்ல கறுக்கவே இல்லையேன்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. அதுக்கும் நானே பதில் சொல்லிக்கிட்டேன், முக்காடு இறுக்கிக் கட்டியிருப்பான்னு.

பக்கத்து அளத்து மேஸ்திரிகிட்ட போயி, "ஏண்ணே, எம்பொண்ணு இந்தப் பக்கம் வேலைக்கு வந்துதா?"ன்னு கேட்டேன். அந்த மனுஷன் வெத்தலைய மென்னுக்கிட்டே, "வந்தா வேணாம்னா சொல்லப்போறேன்?"ன்னு சிரிச்சாரு. இல்லன்னு சொல்லலியே, சிரிக்கிறாரே, அப்ப என்னமோ இருக்குன்னு எனக்கு சந்தேகம் இன்னும் ஏறிக்கிச்சு.

மறுநாள் பாதி வேலையில கூடைய வெச்சுட்டுக் கெளம்பிட்டேன். முழங்கால் வரைக்கும் உப்பு காஞ்சு வெள்ளையா நிக்குது, அப்படியே பஸ் ஏறுனேன். காலேஜ் ஆபீஸ்ல போயி, "எம்பொண்ணு கிளாஸுக்கு வர்றாளா, இல்லையா?"ன்னு சத்தமாவே கேட்டேன். அவங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டு அவளக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. வந்தா. பின்னாடியே அவ கூடப் படிக்கிற பொண்ணுங்க நாலஞ்சு பேரு. வராண்டாவுல என்னப் பாத்ததும் அவ மொகம் செத்துப்போச்சு. அப்பாவுக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு நெனச்சிருக்கா.

"செருப்பக் கழட்டு"ன்னேன்.

"யம்மா, என்னம்மா ஆச்சு?"

"கழட்டுடீ!"

கழட்டுனா. நான் அங்கியே குந்தி, லாடம் அடிக்கக் குதிரைக்குக் காலத் தூக்குற மாதிரி அவ காலத் தூக்கி மடியில வெச்சுப் பாத்தேன். குதிகால் வழுவழுன்னு இருக்குது. ஒரு கீறல் இல்ல. இன்னொரு காலையும் பாத்தேன், அதுவும் அப்படித்தான். விரல்லதான் புண்ணு. கட்டவிரல் நகம் ஓரம் கறுத்துப்போயி, பக்கத்து விரல்ல கொப்புளம் ஒடைஞ்சு கெடக்குது. உப்பு அங்கல்லாம் தின்னாது.

"இது என்னடி?"

"டான்ஸும்மா." அதச் சொல்லும்போதே அழுதுட்டா. "போன்ல பாத்து நானா கத்துக்குறேன். விரல் நுனியில நிக்கிற டான்ஸு." பின்னாடி நின்ன பொண்ணுல ஒண்ணு களுக்குன்னு சிரிச்சுது. அந்தச் சிரிப்பு இன்னிக்கு வரைக்கும் என் காதுல கேக்குது.

மூணு நாள் அவ என்கூடப் பேசல. சோறு போட்டா தின்னா, அவ்ளோதான். நாலாம் நாளு, "நான் காலேஜுக்குப் போவல. எல்லாரும் உப்புக்கால் உப்புக்கால்னு கூப்புடுறாங்க"ன்னு அப்பாகிட்ட சொல்லிட்டுப் படுத்துட்டா. எது நடக்கக்கூடாதுன்னு ஊரெல்லாம் மோப்பம் புடிச்சு அலைஞ்சேனோ, அத நானே இழுத்து வீட்டுக்குள்ள வுட்டுட்டேன். படிப்ப வுட்ட பொண்ணுக்கு எங்க ஊர்ல வேற எங்க வேலை இருக்குது?

மன்னிப்புக் கேக்கலாம்தான், எனக்கு அது வராது. ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சு வந்ததும் அவ பக்கத்துல போயி ஒக்காந்து, "அந்த எழவு என்னன்னு காட்டு"ன்னேன்.

மொறைச்சா. அப்புறம் போனை சொம்புல சாய்ச்சு வெச்சா.

ஜப்பான்காரங்க வரைஞ்ச பொம்மைப் படம். தொடர் மாதிரி எபிசோடு எபிசோடா வருது. கதை என்னன்னா, ஒரு ஊர்ல ராஜா எல்லாரோட நெழலையும் புடுங்கி வெச்சுக்கிட்டாரு. தெருவெளக்கு ஏத்துறவரோட பொண்ணு ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் ஆடுது. ஆடுனா அந்த வீட்டுக்காரங்க நெழல் திரும்பி வரும். ஆனா ஆடி முடிக்கிற வரைக்கும் அதோட குதிகால் தரையில படக்கூடாது. பட்டுச்சுன்னா எல்லாம் போச்சு.

எனக்கு எதையும் நம்ப முடியல. பேச்சு ஜப்பான்ல, கீழ ஓடுற எழுத்து இங்கிலீஷ்ல. நடுவுல இவ தமிழ்ல சொல்றா. "அந்தாளு அவ்ளோ நேரம் பேசுனான், நீ ரெண்டு வார்த்தையில முடிச்சுட்டியே, மிச்சத்த எங்க முழுங்குன?"ன்னேன். "அந்த ராஜா புள்ளை ஏன் வாயே தொறக்க மாட்டேங்குறான்? கூட்டுக் களவாணியா இருக்கப்போறான்." "அந்தக் கெழவி சும்மாவா ரொட்டி குடுக்குறா? தின்னாதடி, தின்னாத!" மூணாவது எபிசோடுல அவளுக்கு சிரிப்பு வந்துட்டுது. எனக்கு வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்துது.

ஆனா ஆட்டத்தப் பாத்தா வாய் தானா மூடிக்கிது. பொம்மைதான், கோடுதான், அதுக்கே மூச்சு வாங்குறது தெரியுது. வருஷா வருஷம் தை மாசம் நாங்க வரிசையா நின்னு பாத்தித் தரைய மிதிச்சு இறுக்குவோம். அதுல பூரா பாரமும் குதிகால்லதான் எறங்கும். இந்தப் பொண்ணு அந்த பாரத்த எங்க வெச்சிருக்குதுன்னே தெரியல. மேல தூக்கிக்கிட்டே போவுது.

அஞ்சாவது எபிசோடுன்னு நெனைக்கிறேன். ஆடி முடிச்சுட்டு அது படிக்கட்டுல ஒக்காந்து கால்ல சுத்துன துணியப் பிரிக்குது. துணி புண்ணோட ஒட்டிக்கிச்சு. பக்கத்துல இருந்த பானையில கைய நனைச்சு, துணி மேல சொட்டு சொட்டா வுட்டு, ஊறுன பிறகு மெதுவா உரிக்குது. உரிக்கும்போது மொகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கிது.

"நிறுத்து. திருப்பிப் போடு"ன்னேன்.

திருப்பிப் போட்டா. அதேதான். அவசரப்பட்டு வெடுக்குன்னு இழுக்கல. "இத வரைஞ்சவன் கால்புண்ணப் பாத்திருக்கான்டி"ன்னேன். இத்தன வருஷத்துல எங்க காலு எந்தப் படத்துலயும் வந்து நான் பாத்ததில்ல. எங்கியோ கடலுக்கு அந்தாண்ட ஒக்காந்துக்கிட்டு ஒருத்தர் இத கவனிச்சு வரைஞ்சிருக்காரு. அதுல கூடவா நான் குத்தம் கண்டுபுடிப்பேன்?

அப்புறம் அந்தப் பொண்ணு செருப்ப மாட்டிக்கிட்டு வீட்டுக்குப் போவுது. வாசல்ல அப்பா நிக்கிறாரு. அவரு முன்னாடி குதிகால நல்லா அழுத்தி ஊனி, ஒண்ணுமே இல்லாத மாதிரி சிரிச்சுக்கிட்டு நடக்குது. அவ்ளோதான், எனக்கு அழுகை பீறிக்கிட்டு வந்துட்டுது. கட்டில்லேருந்து எங்க வீட்டுக்காரரு, "என்னாடீ ஆச்சு, பொம்மைக்கா அழுவுற?"ன்னாரு.

பொண்ணு போனை நிறுத்திட்டு என்னையே பாத்தா. "யம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. ஏன் கேக்கல?"

"நீ பொய் சொல்லுவன்னு நெனச்சேன்."

"நான் எப்பம்மா உன்கிட்ட பொய் சொல்லியிருக்கேன்?"

"நீ சொன்னதில்ல. நான் சொல்லியிருக்கேன்." யாருகிட்டயும் சொல்லாதத அன்னிக்குத்தான் சொன்னேன். "ஒன்பதாவது படிக்கும்போது, ஸ்கூலுக்குப் போறேன்னு சொல்லிட்டு, எங்கம்மா வேலை பாக்காத வேற அளத்துக்குப் போனேன். ரெண்டு மாசம். வீட்டுல அரிசி இருக்காது. எங்கம்மா முன்னாடி இப்படித்தான் குதிகால ஊனி ஊனி நடப்பேன்."

"உங்கம்மா கண்டுபுடிக்கலியா?"

"கண்டுபுடிச்சுது. ஒரு நாள் நான் தூங்கும்போது காலப் பாத்துட்டு எண்ணெ தடவிச்சு. எனக்கு முழிப்பு வந்துட்டுது, ஆனா கண்ணத் தொறக்கல."

"திட்டுனாங்களா?"

"ஒண்ணும் சொல்லல"ன்னேன். "மறுநாள் காலையில அளத்துக்குக் கெளம்பும்போது எனக்கும் சேத்து சோறு கட்டிச்சு."