யாக்கோப்பு தைக்கும் மாடு

"இரு, ராசா, இரு" என்று சொல்லிக்கொண்டே யாக்கோப்பு மாட்டின் பின்னங்கால் குளம்பில் ஊசியை இறக்குகிறார். கறுப்பு நூலில் மூன்று தையல். பிறகு நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுக் கொடியை மடிக்கிறார். அந்த மூன்று தையல் இல்லாமல் ஒரு கொடியும் அவர் வீட்டுப் படியைத் தாண்டியதில்லை.

லண்டன் மோர்டனில் அவர் வீட்டு முன்னறைதான் வேலைத்தலம். யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளின் இடபக்கொடிதான் அவர் தைப்பது. அவர்கள் அடித்த காசிலும் மாடு இதேபோல் கால் மடித்துப் படுத்திருக்கும். சிவப்புத் துணியும் வெள்ளை மாடும் யாக்கோப்பின் தெரிவு. அரசர்களின் கொடி நிறத்தைக் கண்டவர் எவரும் இன்று உயிரோடில்லை.

நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. பாரிஸ் நகரத்தில் கோப்பை கழுவி, பிறகு லண்டனுக்கு வந்து, இன்று ஈஸ்ட் ஹாமில் மூன்று கடையும் ஒரு மண்டபமும் வைத்திருக்கிறேன். ஆளை எடைபோட எனக்குப் பள்ளிக்கூடம் தேவைப்பட்டதில்லை. இருபது வருடம் பார்த்தும் எடைபோட முடியாமல் போன ஒரே ஆள் யாக்கோப்பு.

அறுபத்தெட்டு வயது, மெலிந்த உடம்பு. சட்டைக் கொலரில் எப்போதும் நாலைந்து குண்டூசி. மாதா கோயில் பூசைக்குப் போகும்போதும் கழற்ற மாட்டார். "வேதக்காரனுக்கு எங்கடை மாட்டிலை என்ன உரித்து?" என்று சீண்டினால், "மாடு சைவமோ வேதமோ, யோகண்ணை? அது புல்லுத்தானே தின்னுது" என்பார்.

தையல் மெசினுக்கு எதிரே ஒரு கதிரை. அதில் அவர் மனைவி றஜீனா இருப்பார். மறதி நோய். ஆறு மாதமாகப் பேச்சில்லை. எழுந்தால் கதவைத் திறந்துகொண்டு போய்விடுவார். போன மாரிக் குளிரில் அப்படிப் போனவரை, என் கடை வான் வண்டிகள் நான்கையும் விட்டுத் தேடி, நான்தான் ஒரு பஸ் தரிப்பில் கண்டுபிடித்தேன். வெறுங்கால் நீலம் பாரித்திருந்தது. இன்னொரு முறை போனால் ஆள் மிஞ்சாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஆனால் மாடு தைக்கும் நேரத்தில் மட்டும் றஜீனா அசைய மாட்டார். ஊசிக்கடியில் ஓடும் துணியையே பார்த்துக்கொண்டிருப்பார்.

என் மண்டபத் திறப்புக்கு ஒரு கொடி கேட்டேன்.

"ஆனா மாடு எழும்பி நிக்கோணும்."

"ஏலாது அண்ணை. அரசற்றை மாடு படுத்த மாடு."

"அவையள் பிறக்கேக்கையே அரசர். நான் விழுந்தெழும்பி வந்தவன். என்ரை மாடு படுக்காது, ஐசே."

"எழும்பின மாடு கொடியிலை தங்காது. நான் காலைக் கட்டித்தான் அனுப்பிறனான்."

"அண்டைக்கு வான் விட்டதை மறந்திட்டீரோ?"

கேட்டிருக்கக் கூடாது. அவர் கொலரைத் தடவிக்கொண்டு, "தைக்கிறன்" என்றார்.

இரண்டு கிழமை கழித்து, ஒரு ஞாயிறு மத்தியானம் போனேன். கொடியைத் திரைச்சீலைக் கம்பியில் தொங்கவிட்டிருந்தார். வேலை என்றால் அதுதான் வேலை. நாலு காலும் ஊன்றி மாடு நின்றது. குளம்பில் கறுப்பு நூல் இல்லை. ஜன்னல் எல்லாம் பூட்டியிருந்தது. ஆனாலும் மாட்டின் வயிறு மெல்லப் புடைத்தது, பிறகு ஒட்டியது. ஹீட்டர் சூட்டில் துணி அசைகிறதாக்கும் என்று நினைத்து ஹீட்டரில் கைவைத்துப் பார்த்தேன். இரும்பு சில்லிட்டுக் கிடந்தது.

"எழும்பிட்டுது."

றஜீனாவின் குரல். ஆறு மாதத்துக்குப் பிறகு. கதிரையின் இரண்டு கைப்பிடியிலும் ஊன்றி எழுந்தார். நான் தோளைப் பிடித்தேன். ஐம்பது கிலோ அரிசி மூட்டையைத் தனியே தூக்கிய கை இது. அந்தச் சின்னத் தோள் மாட்டுத் திமில்போலத் திமிறி என் பிடியிலிருந்து நழுவியது. அவர் நேரே வாசலுக்கு நடந்தார்.

யாக்கோப்பு பின்னால் ஓடவில்லை. கொடியை இழுத்துத் தரையில் விரித்து, சின்னக் கத்திரிக்கோலால் மாட்டின் முன்னங்கால் தையலை வெட்டத் தொடங்கினார். பூட்டில் கை வைத்த றஜீனா அப்படியே நின்றார். அடுத்த கால் பிரிந்தது. கை பூட்டிலிருந்து இறங்கியது. நாலு காலையும் பிரித்து, வயிற்றுக்கடியில் மடித்து, கொலரில் இருந்த குண்டூசிகளைக் குத்தினார். றஜீனா திரும்பி வந்தார். முழங்கால் மடிந்தது. கதிரையில் இருந்தார்.

"துணியைப் பிடியுங்கோ, அண்ணை."

எவனுக்கும் முழங்காலிடாத நான் முழங்காலிட்டுப் பிடித்தேன்.

பின்னங்கால் குளம்பில் ஊசி இறங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று. "இரு, ராசாத்தி, இரு" என்றார். இந்த முறை நூலைக் கடித்து அறுக்கவில்லை. ஊசியோடு அதை அப்படியே கதிரையடிக்கு இழுத்துக்கொண்டுபோய், றஜீனாவின் சோட்டிச் சட்டை ஓரத்தில் நாலாவது தையலைப் போட்டார்.