டேப் சுற்றிய மிட்டாய்

ஏணியில் கால் வைக்குமுன் பேன்ட் பை இரண்டையும் நாக்கு நீட்டுவது போல வெளியே இழுத்துக் காட்டுவார் என் தங்கை வீட்டுக்காரர். காவலாளி பார்க்க வேண்டும், டீ வண்டிக்காரர் பார்க்க வேண்டும், நானும் பார்க்க வேண்டும். "பாத்துக்குங்க மச்சான், ஒரு பிஸ்கட் தூள்கூட இல்ல!" அப்புறம்தான் கிரேன் ஏணியில் விறுவிறுவென்று ஏறுவார்.

சைட்டில் அவருக்குப் பெயர் உச்சாணி. கட்டடம் எத்தனை மாடி எழுந்தாலும் அதற்கும் மேலே அவர் ஓட்டும் கிரேனின் கூண்டு தொங்கும். அந்த வேலையில் அவரைச் சேர்த்துவிட்டதே நான்தான். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, தலையில் செங்கல் சுமந்து, இன்றைக்கு ஒரே நேரத்தில் மூன்று கட்டடம் எழுப்புகிறவன் நான். ஆளைப் பார்த்த மாத்திரத்தில் எடை போட்டுவிடுவேன். உச்சாணி இறக்கும் கம்பிக் கட்டு தரையைத் தொடுகிற சத்தம் பக்கத்தில் நிற்பவனுக்கே கேட்காது.

மேலே அப்படி. கீழே வந்தால் ஓர் இடத்தில் நிற்க மாட்டார். சர்க்கரை நோய் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து காலில் சக்கரம்தான். உட்கார்ந்தால் முழங்கால் ஆடும், நின்றால் விரல் தாளம் போடும். டீ வண்டிப் பக்கம் கிளாஸில் கரண்டி கலக்கும் சத்தம் கேட்டால் போதும், பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு சிமென்ட் மூட்டைகளைச் சுற்றி நடக்க ஆரம்பித்துவிடுவார். "இது நாக்கு இல்ல மச்சான், நாய். கட்டிப்போட்டா விடிய விடியக் குலைக்குது."

என் தங்கைக்கு வேறு பயம். "கண்ணு மங்கிடும்னு டாக்டர் சொல்றாருண்ணே. மேல உக்காந்து கீழ பாக்கறதுதான் இவரு பொழப்பு. கண்ணு போனா இவருகிட்ட என்ன இருக்கு?"

அதனால்தான் சீக்கிரமே ஏறிவிடுவார், டீ நேரத்திலும் இறங்க மாட்டார். மேலே கடை கிடையாது. கொண்டுபோனதைத்தான் தின்ன முடியும். வறுத்த வேர்க்கடலை, மிளகுத்தூள் தூவிய கொய்யாத் துண்டு, வெள்ளரி, அவித்த முட்டை என்று தங்கை டப்பாவை நிரப்புவாள். ரொம்பவும் நாக்கு அலைந்தால் மென்றுகொள்ள ஒரு துண்டு லவங்கப்பட்டை.

"ஆட்டுத் தீனி" என்று அலுத்துக்கொள்வார்.

"எந்த ஆடுங்க முட்டை திங்குது?" என்பாள் அவள்.

இத்தனை காவலுக்கு நடுவில் டாக்டர் ஒரு வேலை செய்தார். மாத்திரை போடுகிறவருக்குச் சில சமயம் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடுமாம். அப்போது வாயில் போட ஒரு குளுக்கோஸ் மிட்டாய் எப்போதும் சட்டைப் பையில் இருக்க வேண்டுமாம். "எதை விடச் சொன்னாரோ அதையே நெஞ்சுல வச்சுக்கிட்டு அலையணுமாம்!" என்று உச்சாணி குதித்தார். அவருக்கே அவர்மேல் நம்பிக்கை இல்லை. எலக்ட்ரீஷியனிடம் கறுப்பு டேப் வாங்கி மிட்டாயைச் சுற்றோ சுற்றென்று சுற்றி, எலுமிச்சை அளவுக்கு உருட்டிவிட்டார். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் தங்கை முன்னால் நீட்டுவார். "பாரு, சீல் உடையல."

போன மழைக்காலத்தில் ஒரு காலை. டப்பாவை வேண்டுமென்றே வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். "மாத்திரையோட சரி, ஒரு வாய் திங்கல. என் கட்டுப்பாட்டப் பாருங்க மச்சான்" என்று மேலிருந்து வாக்கி-டாக்கியில் பெருமை வேறு. கொஞ்ச நேரம் கழித்துக் கம்பிக் கட்டு நடுவானில் அப்படியே நின்றது. கீழே ஆட்கள் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"என்ன மாப்ள, தூங்கறீங்களா?"

"மச்சான்... ஆளுங்கள ஒதுக்குங்க. கை நடுங்குது. கட்டக் கீழ வச்சிடறேன்."

விசில் அடித்து இடத்தைக் காலி செய்தேன். கட்டு இறங்கியது. இந்த முறை சத்தம் கேட்டது. அப்புறம் வாக்கியில் பேச்சே இல்லை.

என் வயதில் எவனும் ஏறாத ஏணி. நான் ஏறினேன். இளவட்டங்கள் எனக்குப் பின்னால்தான் வந்தார்கள். கூண்டுக்குள் சட்டை தொப்பலாக நனைந்து, முகம் வெளுத்து, அந்தக் கறுப்பு உருண்டையைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார். டேப்பின் முனை விரலுக்கு அகப்படவில்லை. கத்தியால் கீறி மிட்டாயை அவர் வாயில் போட்டேன். பின்னால் வந்தவர் கூல்டிரிங்க் பாட்டிலை நீட்டினார். நடுக்கம் அடங்க வெகுநேரம் ஆனது.

"எத்தன மாசமா இத நெனச்சு எச்சில் முழுங்கினேன்... ருசியே தெரியல மச்சான்."

டாக்டர் பிடித்துக்கொண்டார். "வெறும் வயித்துல மாத்திரை போடறதுக்குப் பேரு கட்டுப்பாடு இல்லய்யா, பட்டினி!" மாத்திரையை மாற்றி, உடம்பு நிலைப்படும்வரை கிரேன் பக்கம் போகக்கூடாது என்றார்.

அந்த நாட்களில் உச்சாணி சைட்டையே கலக்கிவிட்டார். பூச்சுக் கரண்டியை இடம் மாற்றுவார், பெருக்கிய இடத்தையே பெருக்குவார், பூசுகிறவருக்கு யோசனை சொல்வார். கொத்தனார் என்னிடம் வந்து நின்றார். "ஒண்ணு அவர மேல ஏத்துங்க, இல்ல என்னை வீட்டுக்கு அனுப்புங்க."

ஏறலாம் என்று டாக்டர் எழுதிக்கொடுத்தது இந்த வாரம்தான். சாப்பிட்டுவிட்டு, விரலில் குத்திச் சர்க்கரை பார்த்துவிட்டுத்தான் ஏற வேண்டும். டேப் கூடவே கூடாது என்பது தங்கையின் சட்டம்.

"நான் தின்னுட்டேன்னா?"

"தின்னுட்டா திட்டுவேன். பிரிக்க முடியாமப் போயிட்டா யாரத் திட்டறது?"



இன்று காலை டப்பாவைத் திறந்து காட்டினார். கொய்யா இருந்தது, முட்டை இருந்தது. சட்டைப் பையில் மஞ்சள் காகிதத்தோடு மிட்டாய் பளிச்சென்று தெரிந்தது. டீ வண்டிப் பக்கம் கரண்டி சத்தம் கேட்டது. ஒரு கையால் ஏணியைப் பிடித்து, மறு கையால் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டு இரண்டாவது படியில் நின்றார்.

"மாப்ள, ரெண்டு கையாலயும் ஏணியப் புடிங்க!"

திரும்பிப் பார்க்கவில்லை. பையை மூடியிருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விலகி, மேலே இருந்த கம்பியைப் பிடித்தன.