பதிவேட்டில் இல்லாத இருபத்தேழு பேர்

காலை ஒன்பது மணி ஐந்து நிமிடம். மாணவர் பேரவைத் தேர்தல் அலுவலகத்தின் மேசையில் நான் முதலில் கண்டது பச்சை மையில் இழுத்த கோடுகளை. என் வேட்புமனுவின் மூன்று தாள்களிலும், பெயர்களின் மேல், அடிமட்டம் வைத்து நேராக இழுத்திருந்தார்கள். எண்ணிப் பார்த்தேன். இருபத்தேழு.

துணைத் தலைவர் பதவிக்குப் போட்டியிட ஐம்பது மாணவர்களின் கையெழுத்து வேண்டும். நான் அறுபது கொடுத்திருந்தேன். மிஞ்சியது முப்பத்து மூன்று. அன்று பிற்பகல் நாலு மணிக்குள் இன்னும் பதினேழு கையெழுத்து வராவிட்டால் வாக்குச்சீட்டில் என் பெயர் இருக்காது. சட்டம் படித்துக்கொண்டிருந்த தேர்தல் அதிகாரி இதை மரியாதையாகவே சொன்னார்.

"இந்தப் பெயர்களில் ஒருவரும் பதிவேட்டில் இல்லை."

கோடு விழுந்த இருபத்தேழு பேரும் தமிழர்கள். அவர்கள் எழுதும்போது நான் பக்கத்தில் நின்றேன். ஒவ்வொரு பெயரையும் வாசித்தேன். ஒன்றும் பிழையாகப் படவில்லை.

தாள்களை எடுத்துக்கொண்டு சங்க வீட்டுக்கு நடந்தேன். வளாகத்துக்கு வெளியே, இரண்டு தெரு தள்ளி இருந்த பழைய செங்கல் வீடு அது. மாணவிகள் மட்டும் சேர்ந்து நடத்திய சொறோரிட்டி என்ற சங்கத்தின் வீடு. பல்கலைக்கழகம் அதை அங்கீகரிக்கவில்லை. வாடகையையும் விதிகளையும் நாங்களே பார்த்துக்கொண்டோம். பத்துப் பேர் அங்கே தங்கியிருந்தார்கள். நான் நகரின் மேற்கே பார்க்டேலில் பெற்றோருடன் இருந்தபடி பகலில் மட்டும் போய்வந்தேன். ஆண்கள் மாடிக்கு ஏறக்கூடாது என்ற விதியைச் சொன்னபோதுதான் அம்மா சம்மதித்தார். "அப்ப கொன்வென்ற் மாதிரித்தானே," என்றார். நான் மறுக்கவில்லை.

புதிதாகச் சேரும் ஒவ்வொருத்திக்கும் அந்த வீட்டில் ஓர் அக்காவை நியமிப்பார்கள். எனக்கு அமைந்தவள் இரண்டு வருடம் மூத்தவள், மன்னாரில் பிறந்து ஸ்காபரோவில் வளர்ந்தவள், தாதிப் படிப்பு படித்தவள். மற்றவர்களுக்கு அது ஒரு பட்டம். நான் அவளை முதல் நாளிலிருந்தே அக்கா என்றுதான் கூப்பிட்டேன். தேர்தலில் நில் என்று சொன்னவளும் அவள்தான்.

குசினி மேசையில் தாள்களை விரித்தேன். அவள் பாணுக்கு வெண்ணெய் பூசியபடி வாசித்தாள்.

"எல்லாரும் தங்கட தங்கட பேரைத்தான் எழுதியிருக்கினம்," என்றாள். "அதுதான் பிழை."

விடயம் இதுதான். எங்கள் ஊர் வழக்கில் அப்பாவின் பெயர் முன்னால் வரும், சொந்தப் பெயர் பின்னால். நாங்கள் இந்த நாட்டுக்கு வந்திறங்கியபோது விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரி முன்னால் இருந்ததை முதற்பெயராகவும் பின்னால் இருந்ததைக் குடும்பப் பெயராகவும் பதிந்துகொண்டார். பதிவேடும் அதையே பின்பற்றியது. ஆகவே வகுப்பில் பேராசிரியர் எங்களை அப்பாவின் பெயரால் கூப்பிடுவார். நாங்களும் கையை உயர்த்துவோம். ஆனால் ஒரு தமிழ்ப் பெண் படிவத்தை நீட்டி "முதற்பெயர்" என்ற கட்டத்தைக் காட்டினால் எவரும் தன் பெயரைத்தானே எழுதுவார்? எழுதினார்கள். சிலர் அப்பாவை ஒற்றை எழுத்தாகச் சுருக்கினார்கள். ஒருவர் அப்பாவை முழுதாகவே விட்டுவிட்டார்.

வீட்டின் தலைவி உள்ளே வந்தாள். வட ஒன்ராறியோவில் ஒரு சுரங்க ஊரிலிருந்து வந்த, படகுக் குழுவில் துடுப்பு வலிக்கும் பெண். புதுப் பெயர்கள் எடுக்கலாம் என்றாள். பிறகு தானே தலையை ஆட்டினாள். ஒருவர் ஒரு பதவிக்கு ஒரு வேட்பாளரைத்தான் முன்மொழியலாம். அவளுக்குத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் எனக்கு ஏற்கெனவே ஒப்பமிட்டிருந்தார்கள், மீதிப் பேர் மற்ற இரு வேட்பாளர்களுக்கு. அடுத்த வாரம் படிப்பு விடுமுறை. அன்று வெள்ளிக்கிழமை, வகுப்புகள் அரைவாசி காலி. கோடு விழுந்தவர்களோ யாரையும் முன்மொழியாதவர்களாகவே கருதப்பட்டார்கள். அவர்களைத்தான் திரும்பப் பிடிக்க வேண்டும்.

அக்கா இருபத்தேழு சிறிய அட்டைகளை வெட்டினாள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், அதை எப்படி உச்சரிப்பது, ஆள் எங்கே இருப்பார் என்று ஆங்கிலத்தில் எழுதினாள். ஓர் அட்டை எனக்கு நினைவிருக்கிறது: "நூலகம், மூன்றாம் மாடி, யன்னலோரம். நித்திரையாக இருப்பார். எழுப்பவும்." வீட்டில் நின்ற ஏழு பெண்களும் அட்டைகளைப் பிரித்தெடுத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் ஒரே அறிவுரை: மாணவர் அட்டையை வெளியே எடுக்கச் சொல்லுங்கள், அதில் உள்ளபடியே பார்த்து எழுதச் சொல்லுங்கள், அவர்களுக்கு அது பிழையாகத் தெரிந்தாலும்.

தலைவியும் நானும் உணவகத்துக்குப் போனோம். மூலை மேசையில் வழக்கம்போல் முந்நூற்றிநாலு ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆறு பேர், ஆறு பேருமே கோடு விழுந்தவர்கள். அந்தச் சீட்டாட்டத்துக்காகவே வளாகத்துக்கு வருகிறவர்கள் என்று நான் நினைத்திருந்தேன்.

"என்ன தங்கச்சி, பிறகும் கையெழுத்தோ? முந்தநாள் வைச்சது காணாதோ?"

"அண்ணை, அப்பான்ர பேரை முன்னுக்குப் போட்டு எழுத வேணுமாம்."

"அப்பருக்கு இஞ்ச வோட் இல்லையே."

"ஸ்ருடன்ற் காட்டில இருக்கிறபடி எழுதுங்கோ. காணும்."

"காட்டில அப்பர் எண்டால், வோட் போடவும் அவரைத்தான் கூட்டிக்கொண்டு வரவேணும்," என்றார் எதிரில் இருந்தவர். "பொறும், உந்தக் கையை முடிச்சுப்போட்டு வாறம்."

தலைவிக்குத் தமிழ் விளங்காது. ஆட்டம் இழுபடும் என்பது விளங்கியது. அவள் மேசையில் கிடந்த சீட்டுகளின் மேல் படிவத்தை வைத்து, அதன் மேல் பேனையையும் வைத்தாள். அவளுடைய தோள்களைப் பார்த்துவிட்டு அவர்கள் மாணவர் அட்டையை எடுக்கப் பணப்பையைத் திறந்தார்கள். ஆறு கையெழுத்து.

ஒரு மணிக்கு எங்களிடம் பதினொன்று இருந்தன. அக்கா சங்க வீட்டுச் சுவர்த் தொலைபேசியை விட்டு நகரவில்லை. வளாகத்துக்கு வராதவர்களின் வீடுகளுக்கு அழைத்தாள். ஓர் உரையாடலை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். தொலைபேசியில் வந்த குரல் எனக்கும் கேட்கும் அளவுக்கு உரத்தது.

"அன்ரி, மகள் நிக்கிறாவோ? ஒரு கையெழுத்து வேணும்."

"கையெழுத்தோ? அவள் ஒண்டிலயும் வைக்கமாட்டாள். அப்பா வரட்டும்."

"ஊரிலயிருந்து ஆளைக் கூப்பிடுற ஸ்பொன்சர் ஒண்டும் இல்லை அன்ரி. பள்ளிக்கூட எலெக்சன். எங்கட பிள்ளை ஒண்டு கேக்குது."

"ஆம்பிளைப் பிள்ளையோ?"

"பொம்பிளைப் பிள்ளை."



"அவள் வேலைக்குப் போட்டாள். பார்க்டேலில டோனற் கடை. மனேச்சர் கதைக்க விடான், நேர போங்கோ. பொம்பிளைப் பிள்ளையெண்டபடியால்தான் சொல்லுறன்."

தலைவி தனி வேட்புமனுத் தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு, தெருத் தண்டவாளத்தில் ஓடும் ஸ்றீற்காரில் ஏறினாள். அவள் அதற்கு முன் பார்க்டேலுக்குப் போனதில்லை. நான் போகிறேன் என்றேன். நீ இங்கே நில், முகம் தெரிந்தவர்கள் உன்னைத் தேடி வருவார்கள் என்றாள். அது சரியாகவே இருந்தது. நூலகத்தில் நித்திரையாக இருந்தவர் எழுப்பப்பட்டு, கன்னத்தில் புத்தகத்தின் தடத்தோடு, தானாகவே வீட்டு வாசலுக்கு வந்தார். மாணவர் அட்டையைத் தொலைத்திருந்தார். நூலகக் கடன் அட்டையைக் காட்டினார். அதிலும் அப்பாதான் முன்னால் இருந்தார்.

மூன்று இருபதுக்குப் பதினாறு. தேர்தல் அலுவலகத்துக்கு வெளியே நானும் அக்காவும் தரையில் உட்கார்ந்தோம். பனி உருகத் தெருவில் தூவும் உப்பு அவள் சப்பாத்தில் காய்ந்திருந்தது; அதைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"வராட்டி என்ன செய்யிறது?" என்று கேட்டேன்.

"வராட்டி அடுத்த வருசம். அப்ப எல்லாருக்கும் தங்கட பேர் என்னெண்டு தெரிஞ்சிருக்கும்."

மூன்று நாற்பத்தெட்டுக்குத் தலைவி படிகளில் ஏறி வந்தாள். ஸ்றீற்கார் பனியில் நின்றுவிட்டதால் கடைசிப் பகுதியை ஓடி வந்திருந்தாள். தாளின் ஓரத்தில் சீனித்தூள். கையெழுத்தோடு, அந்தப் பெண் கொடுத்துவிட்ட ஒரு பெட்டி சீனி தூவிய டோனற் பணியாரமும். அதிகாரி பதினேழு பெயர்களையும் பதிவேட்டில் விரல் வைத்துத் தேடினார். ஒவ்வொன்றாகக் கிடைத்தன. மூன்று ஐம்பத்தாறுக்கு முத்திரை குத்தினார்.

பின்னாளில் பத்திரிகையில் வேலை செய்த ஆண்டுகளில் மற்றவர்களின் பெயர்களைச் சரிபார்ப்பது என் அன்றாட வேலையாக இருந்தது. அப்போதெல்லாம் அந்த அட்டைகளை நினைத்துக்கொள்வேன். தங்கள் நாவுக்கு வராத பெயர்களைப் படிகளில் சொல்லிப் பழகியபடி ஏழு பெண்கள் ஒரு வெள்ளிக்கிழமையை எனக்குக் கொடுத்தார்கள். அவர்களில் ஒருத்தியும் அதைப் பற்றிப் பிறகு பேசவில்லை. நான் நன்றி சொன்னபோது, சுவரொட்டிக்குப் பசை காய்ச்சியாகிவிட்டதா என்று கேட்டார்கள். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த உதவிகளில் இவ்வளவு குறைந்த சொற்களோடு கிடைத்தது வேறில்லை.

மூன்று வாரங்களின் பின் வாக்குகளை எண்ணினார்கள். நான் பதினொரு வாக்குகளால் தோற்றேன். மறுநாள் சங்க வீட்டுக் குசினியில் பாத்திரம் கழுவும் முறை என்னுடையது.